குடிக்காதவன் நடை

அந்தத் தெருவில் பெயிண்டரை முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டவர்கள் குறைவு. நடையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். இரண்டு காலையும் அகட்டி வைத்து, அடுத்த அடிக்குத் தரை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி, வலப்பக்கம் கொஞ்சம் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து வருவார். முனையில் டீக்கடை வைத்திருந்தவர் அவருக்கு 'ஊஞ்சல்' என்று பெயர் வைத்திருந்தார். "ஊஞ்சல் வருது, டம்ளரை எல்லாம் உள்ள தள்ளு" என்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அது காலை எட்டு மணியாக இருக்கும். விடிந்ததும் ஏற்றிக்கொண்டு வருகிற ஆளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தெரு எப்போதோ முடிவு கட்டியிருந்தது.

தெருவைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் கூட இருந்த பெண்டாட்டியே அப்படித்தான் நினைத்தாள்.

அவள் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். கடைக்கு முன்பக்கம் கண்ணாடியும் பூத்தொட்டியும். பின்பக்கம் ஜன்னல் இல்லாத நீள அறை, நான்கு மேசைகள், கூரையிலிருந்து தொங்கும் ரப்பர் குழாய்களில் நீராவிப் பெட்டிகள். சட்டை என்றால் முதலில் காலர், அப்புறம் தோள்பட்டி, கைப்பட்டி, கை, கடைசியில் உடம்பு. இந்த வரிசை தப்பினால் போட்ட இடமே மறுபடி கசங்கும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது சட்டைக்குக் குறையாது. சாயங்காலம் வெளியே வரும்போது வெயில்கூட அவளுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

பக்கத்து மேசையில் அறுந்த பட்டன் தைக்கும் ஒருத்தி இருந்தாள். கடையில் அவளுக்குப் பட்டனக்கா என்றே பெயர். நாலு ஊர் வம்பும் அவள் ஊசியில் கோத்துக்கொண்டு வரும்.

"நேத்தும் அப்படித்தானா?" என்பாள் பட்டனக்கா.

"நேத்தும் அப்படித்தான். செருப்பைக் கழட்டும்போது செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். பேச்சு வேற குழறுது. கேட்டா, குடிக்கலை, கால் வலிக்குதுங்கிறார்."

"எந்தக் குடிகாரன் குடிச்சேன்னு சொல்லியிருக்கான்? வாய் நாறுதா?"

"அதான்க்கா புரியலை. ஒரு நாள்கூட நாறலை."

"நாறாத சரக்கும் இருக்கு. இல்லைன்னா பெயிண்ட்டுல கலக்கிற தின்னரை மோந்து பார்க்கிறாரோ என்னவோ. அதுக்கும் தலை சுத்தும்."

அன்றைக்கு ராத்திரியே அவள் புருஷனின் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். உப்புத்தாள், பட்டித் தகடு, மூன்று பிரஷ், காய்ந்துபோன ஒரு ரொட்டித் துண்டு. பாட்டில் இல்லை. இல்லாததும் அவளுக்குச் சந்தேகமாகவே பட்டது. இவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறாரே என்று நினைத்தாள்.

அவள் சந்தேகத்துக்கு அடித்தளம் போட்டவர் பெயிண்டரின் அண்ணன். அவர் பெயிண்டிங் மேஸ்திரி. இருபது ஆட்களை வைத்து வேலை எடுத்துச் செய்கிறவர். தம்பியும் அவரிடம்தான். ஒரு காலத்தில் நான்கு மாடி உயரத்தில் சாரத்தில் நின்று ஜன்னல் விளிம்புக்குக் கோடு இழுத்தால் தம்பியின் கோடு நூல் பிடித்த மாதிரி நிற்கும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அண்ணன் அவரை ஏணியிலிருந்து இறக்கி, கீழே சுவருக்குப் பட்டி தேய்க்கவும் கதவுக்கு உப்புத்தாள் போடவும் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்கப் போனவளிடம் அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்:

"எப்படிம்மா உங்கிட்ட சொல்றது? வேலை இடத்துல தள்ளாடுறான். வீட்டுக்காரங்க கேக்குறாங்க, உன் தம்பி குடிச்சிருக்கானான்னு. நான் தலைகுனிஞ்சு நிக்கிறேன். மேல ஏத்தி அவன் விழுந்தான்னா, நாளைக்கு உன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

கூடப் பிறந்த அண்ணனே சொல்லும்போது அதற்கு மேல் அப்பீல் ஏது?

அவர் தங்கமான மனிதர் என்றுதான் அவள் அன்றைக்கும் நினைத்தாள். மகளுக்குப் பள்ளிக்கூடப் புத்தகம், வீட்டுக்கு மின்விசிறி என்று கேட்காமல் வாங்கித் தருகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பள்ளியில் ஒருத்தி "உங்கப்பா நடக்கிற மாதிரி நடந்து காட்டு" என்று சொன்னதாக மகள் அழுதுகொண்டு வந்த அன்று, அவள் போய் நின்றதும் அவரிடம்தான். அவர்தான் குடிமறப்பு இல்லம் ஒன்றை விசாரித்துச் சொன்னார். அவர்தான் வாடகைக் கார் பிடித்தார். படிவத்தில் முதல் கையெழுத்து அவருடையது, இரண்டாவது அவளுடையது.

பெயிண்டர் அங்கே நாற்பது நாள் இருந்தார். முதல் நாள் "நான் குடிக்கிறதில்லை" என்றார். அங்கிருந்த அத்தனை பேரும் முதல் நாள் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். ஆகவே யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் அவர் அதைச் சொல்வதை நிறுத்தினார். "ஒத்துக்கொண்டுவிட்டார், நல்ல முன்னேற்றம்" என்று இல்லத்துக்காரர் போனில் சொன்னார். நாற்பத்தோராம் நாள் வாசலில் வந்து நின்றபோது போன மாதிரியே ஆடிக்கொண்டு நின்றார். அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். உள்ளேயும் யாரோ ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

*

விழுந்தது ஏணியிலிருந்துகூட இல்லை. இரண்டடி உயர முக்காலி. ஜன்னல் கம்பிக்கு வார்னிஷ் அடிக்கும்போது கால் தானாக மடங்கி, வார்னிஷ் டப்பாவோடு கீழே போனார். இடது மணிக்கட்டு முறிந்தது. லாண்டரிக்குப் போன் வந்தபோது அவள் யாருடைய மாப்பிள்ளைச் சட்டைக்கோ காலர் போட்டுக்கொண்டிருந்தாள். "விழுந்துட்டாரா? என்னிக்காவது விழத்தானே செய்யணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அந்த வார்த்தையைப் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டுப் போட்ட பையன் "ரத்தத்துல ஆல்கஹால் துளிகூட இல்லையே, பின்ன ஏன் இப்படி நடக்கிறார்?" என்று யாரிடமோ கேட்டது அவள் காதில் விழுந்தது. நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

நரம்பு டாக்டர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், குரல் தணிந்து பேசுகிறவர். பெயிண்டரை ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். மூக்கைத் தொட்டு விரலைத் தொடச் சொன்னார். அப்புறம் திடீரென்று குனிந்து, பெயிண்டரின் பேன்ட்டை மேலே தள்ளி, குதிகாலுக்கு மேலே பின்னால் இருக்கிற கெட்டி நரம்பைத் தடவிப் பார்த்தார். இரண்டு காலிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு.

"இது எத்தனை வருஷமா இருக்கு?"

"ரொம்ப நாளா. செருப்பு உரசி உரசி வந்ததுன்னு நினைச்சேன்" என்றார் பெயிண்டர்.

"சின்ன வயசுல வயித்துப்போக்கு அதிகம் இருந்துச்சா?"

பெயிண்டர் சிரித்தார். "சின்ன வயசுலன்னு ஏன் கேக்குறீங்க, இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான். எங்கம்மா சொல்லுவாங்க, உனக்கு வயிறு இல்லைடா, குழாய்தான் இருக்குன்னு."

"கண்ணுல புரை எடுத்திருக்கா?"

"இருபது வயசுல. ரெண்டு கண்ணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனையும் இருந்தும் யாரும் இதையெல்லாம் சேர்த்து வச்சுப் பார்க்கலையா?"

"கொழுப்பு டெஸ்ட் ஒரு தடவை எடுத்தாங்க டாக்டர். சரியா இருக்குன்னுட்டாங்க" என்றாள் அவள்.

"அது சரியாத்தான் இருக்கும். அதனாலதான் இது ஏமாத்தும்."

ரத்தம் எடுத்து வேறு ஊருக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உடம்பு கொழுப்பைப் பித்தநீராக மாற்ற ஒரு என்சைம் வேண்டும். பிறக்கும்போதே அது இவருக்கு இல்லை. மாற முடியாத கொழுப்பு வேறொரு கொழுப்பாகத் திரிந்து, போகிற இடத்திலெல்லாம் படிந்துவிடுகிறது. கண்ணில், குதிகால் நரம்பில், கடைசியில் மூளையில். அதனால்தான் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மறதி.

"அப்போ குடி..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எந்தக் குடி?" என்றார் டாக்டர்.

பக்கத்து நாற்காலியில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பெயிண்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரில் வண்ணம் திட்டுத் திட்டாக இருந்தது. "ரெண்டாவது கோட் சரியா அடிக்கலை" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"மருந்து இருக்கு. இங்கே கிடைக்காது, வரவழைக்கணும். எழுதித் தர்றேன்" என்றார் டாக்டர். "முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. படிஞ்சது முழுக்கக் கரையாது, ஆனா மேல மேல சேராம நிறுத்தலாம்."

"எங்க பொண்ணுக்கு?"

"அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் இருந்து வந்தாத்தான் இந்த நோய். உங்க பொண்ணுக்கு ஒரு பக்கம்தான். பயப்படாதீங்க. ஆனா இவர் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கு நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. உடனே பார்க்கச் சொல்லுங்க. ஒரு நாள்கூடத் தள்ளிப் போட வேணாம்."

"ஒரு அண்ணன் இருக்கார்" என்றாள் அவள். அந்தத் தங்கமான மனிதருக்கும் இது இருந்துவிட்டால்?

*

புருஷனை வீட்டில் விட்டுவிட்டு, அன்று சாயங்காலமே பஸ் பிடித்துப் போனாள். மூன்றாவது மாடி. மேஸ்திரி கூடத்தில் உட்கார்ந்து, நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டைப் பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஓரகத்தி சமையலறையில் எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. கை எப்படி இருக்கு அவனுக்கு?"

"கை பரவாயில்லை மாமா. நான் வேற ஒண்ணு சொல்ல வந்தேன். நீங்க பதறக் கூடாது."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குதிகால், கண், வயிறு, கொழுப்பு, வரவழைக்க வேண்டிய மருந்து. குடி இல்லையாம் என்று சொல்லும்போது அழுதாள். "நாம ரெண்டு பேரும் பாவம் பண்ணிட்டோம் மாமா" என்றாள். "டாக்டர் உங்களையும் வந்து பார்க்கச் சொன்னாங்க. நாளைக்கே வாங்க. உங்களுக்கு ஒண்ணும் இருக்காது, இருந்தாலும் ஒரு தடவை பார்த்துட்டா மனசுக்கு நிம்மதி."

ஒரு பிரஷ் வாங்குவதற்கே நூறு கேள்வி கேட்கிற மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. பிளேடை மடித்து வைத்தார். "பார்க்கலாம்மா" என்றார். "மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. இப்பவாவது தெரிஞ்சுதே."

அதிர்ச்சியில் வாயடைத்துப் போனார் போல என்று அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது. வேறு பேச்சு இல்லாமல் எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் பின்னாலேயே வந்து, தோளைத் தட்டாத குறையாக, கனிவாகச் சொன்னார்:

"அந்தக் கேப்ஸ்யூலை வெறும் வயித்துல போட வேண்டாம்னு சொல்லு. மூணு வேளையும் சாப்பாட்டோட போடணும். முதல் ஒரு வாரம் வயிறு கலக்கும், பயந்து நிறுத்திடப் போறான். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கல்லீரலுக்கு ரத்தம் பார்த்துக்கிட்டா போதும்."

"சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள்.

இரண்டாம் மாடி திருப்பத்தில் அவள் கால் நின்றது. மருந்து வரவழைக்க வேண்டும் என்றுதான் அவள் சொன்னாள். கேப்ஸ்யூல் என்று சொல்லவில்லை. மூன்று வேளை என்று சொல்லவில்லை. கைப்பைக்குள் மடித்து வைத்த சீட்டை எடுத்து விரித்தாள். டாக்டர் கையெழுத்தில் மூன்று வேளை, சாப்பாட்டோடு. அந்தச் சீட்டை இன்னும் எந்த மருந்துக் கடைக்காரரும் பார்க்கவில்லை.

அவள் திரும்பி ஏறினாள். ஓரகத்திதான் கதவைத் திறந்தாள். "என்ன, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?"

"ஆமாக்கா. ஒண்ணை விட்டுட்டேன்."

மேஸ்திரி நாற்காலியில் திரும்ப உட்கார்ந்திருக்கவில்லை. அவள் வருவாள் என்று தெரிந்தவர் மாதிரி கூடத்தின் நடுவில் நின்றார்.

"மூணு வேளைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"எந்த மாத்திரையும் மூணு வேளைதானேம்மா..."

"வயிறு கலக்கும்னு யார் சொன்னா? கல்லீரலுக்கு ரத்தம் பார்க்கணும்னு யார் சொன்னா?"

பதில் ஓரகத்தியிடமிருந்து வந்தது. கரண்டியோடு நின்றவள் அப்பாவித்தனமாகச் சொன்னாள்: "அவருக்கு ஈரல் மாத்திரை இருக்குல்ல, அதைச் சொல்றார் போல. பல வருஷமா அதைத்தானே சாப்பிடுறார். வேற ஊர்லேருந்து பார்சல்ல வருமே..." பாதியில் அவளுக்கே ஏதோ பிடிபட்டு, புருஷன் முகத்தைப் பார்த்தாள். "ஈரலுக்குன்னுதானே சொன்னீங்க?"

மேஸ்திரி உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷம்?" என்றாள் அவள்.

"பதினொண்ணு."

"எங்களுக்குக் கல்யாணம் ஆகியே பதினொரு வருஷம்தான் மாமா ஆகுது. முன்னாடியா, பின்னாடியா?"

"மூணு மாசம் முன்னாடி." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "எனக்குக் குதிகால் வலின்னு போனேன். வேற ஒரு ஊர்ல வேலை ஓடிக்கிட்டிருந்துச்சு, அங்கே ஒரு டாக்டர் கண்டுபிடிச்சார். தம்பி இருக்கான்னேன். கூட்டிட்டு வான்னார், ஒரு கடுதாசியும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வர்றேன், உங்க வீட்டுல சம்மதம்னு சேதி வந்திருக்கு. அன்னிக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீ. மூளைக்குப் போற வியாதி, பரம்பரையா வர்றதுன்னு சொன்னா யாரும்மா பொண்ணு கொடுப்பாங்க? கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்."

"முடிஞ்சுது."

"அப்புறம் நீ உண்டாயிருந்தே. பிள்ளை பிறக்கட்டும்னு இருந்தேன்."

"பிறந்தா. அவளுக்குப் பத்து வயசு."

"நாள் ஆக ஆகச் சொல்ல முடியலைம்மா. ஏன் இத்தனை நாள் சொல்லலைன்னு கேட்பீங்களேங்கிற பயம்தான் பெரிசாப் போச்சு. அவன் நல்லாத்தானே இருக்கான், ஒருவேளை அவனுக்கு இல்லையோன்னு நினைச்சுக்கிட்டேன். தள்ளாட ஆரம்பிச்சப்புறம்தான்..."

"அப்பத்தான் குடிகாரன்னு சொன்னீங்க."

"நான் சொல்லலை! அந்த வீட்டுக்காரர் கேட்டார், குடிச்சிருக்கானான்னு. நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். ஒரு தலையாட்டல். அவனைச் சாரத்துலேருந்து இறக்க எனக்கு ஒரு காரணம் வேணுமே. இறக்கலைன்னா விழுந்து செத்திருப்பான். அவன் உயிரோட இருக்கிறதுக்கு நான்தான் காரணம், அதையும் நினைச்சுப் பாரு."

அவளுக்கு அழுகை வரவில்லை. அவள் நினைவு அந்த இல்லத்து வரவேற்பறைக்குப் போயிருந்தது. உள்ளறையில் புருஷனின் பெல்ட்டையும் பையையும் பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இவர் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அப்போது மத்தியானம்.

"மாமா, அன்னிக்கு அந்த இல்லத்துல ஒரு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கினீங்க" என்றாள். "தலைவலின்னு சொல்லி ஒரு மாத்திரை போட்டீங்க. நான்தான் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். அது தலைவலி மாத்திரையா?"

மேஸ்திரி நகத்தை மறுபடி சுரண்டினார்.

"அவர் உள்ளே, நான் குடிக்கலை, நான் குடிக்கலைன்னு கத்திக்கிட்டிருந்தார். நீங்க இந்தப் பக்கம் உட்கார்ந்து அவருக்குச் சேர வேண்டிய மருந்தை நீங்க முழுங்கினீங்க."

ஓரகத்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "இவ்வளவு பெரிய பொய்யோடயா நான் குடும்பம் நடத்திக்கிட்டிருந்தேன்?" என்று மெதுவாகக் கேட்டாள். சமையலறையில் தீய்ந்த வாடை வந்தது. யாரும் போய் அடுப்பை அணைக்கவில்லை.

*

புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வார்த்தை தேடினாள். கிடைக்கவில்லை. மகள் தூங்கப் போகட்டும் என்று காத்திருக்கவும் பொறுமை இல்லை. அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உள்ளது உள்ளபடி சொன்னாள்.

பெயிண்டர் கேட்டுக்கொண்டார். அவருக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

"அண்ணனா?"

"அண்ணன்தான்."

"அவன் நல்லா நடக்கிறானே."

"மருந்து சாப்பிட்டா நல்லா நடக்கலாமாம்."

"அப்போ நானும் நல்லா நடந்திருப்பேன்" என்றார் பெயிண்டர். கோபம் இல்லாமல், ஒரு கணக்கைச் சரிபார்க்கிறவர் மாதிரி சொன்னார். அப்புறம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நான் உங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன், குடிக்கலைன்னு?"

"நிறைய தடவை."

"வாயை ஊதிக் காட்டச் சொன்னே. ஊதினேன். நாறுச்சா?"

"இல்லை."

"பையைக் கவிழ்த்தே. பாட்டில் இருந்துச்சா?"

"இல்லைங்க."

"அப்புறம் ஏன் நம்பலை?"

"கூடப் பிறந்த அண்ணனே சொன்னாரேங்க..."

"நான் சொன்னேனே" என்றார் பெயிண்டர்.

மேஸ்திரி வீட்டில் கேள்வி மேல் கேள்வி கேட்டு வந்த வாய் இங்கே ஒட்டிக்கொண்டது. வஞ்சிக்கப்பட்டவள் என்ற நினைப்போடுதான் வீடு வந்து சேர்ந்திருந்தாள். இந்த மனிதர் முன்னால் அதைச் சொல்லிக்கொள்ளவும் அவளுக்கு உரிமை இல்லாமல் போயிற்று. அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார். முதுகைக் காட்டிப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். கையில் ஒரு பொட்டலம். தன் மருந்தில் பாதி என்றார். புதிது வர ஐந்து வாரம் ஆகும், அதுவரைக்கும் இதைப் போட்டுக்கொள் என்றார். தம்பியின் காலில் விழப் போனார். பெயிண்டர் காலை இழுத்துக்கொண்டார். அவசரமாக இழுத்ததில் அவரே விழப் பார்த்தார்.

"அதெல்லாம் வேணாம்ணே. மருந்தை வை. செருப்பை மாட்டு, வெளியே போகலாம்."

"எங்கேடா?"

"டீ குடிக்க."

அவளும் கூடவே போனாள். டீக்கடை பெஞ்சில் எட்டுப் பேர் இருந்தார்கள். பெயிண்டர் வருவதைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் டம்ளர்களை உள்ளே தள்ளினார். ஒருவர் சிரித்தார்.

"சொல்லு" என்றார் பெயிண்டர் அண்ணனிடம்.

"என்னத்தடா?"

"நான் குடிக்கிறவன் இல்லைன்னு சொல்லு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "என் தம்பி குடிக்கிறவன் இல்லை" என்றார்.

டீக்கடைக்காரருக்கு முகம் மலர்ந்தது. "நிறுத்திட்டாரா? ரொம்ப சந்தோஷம். நாற்பது நாள் வச்சுப் பார்த்தீங்களே, வீண் போகலை பாருங்க."

"நிறுத்தலை" என்றார் பெயிண்டர்.

"நிறுத்தலையா?"

"ஆரம்பிக்கவே இல்லை."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. தெரிந்த குடிகாரன் சொல்லும் தெரிந்த வசனத்துக்கான சிரிப்பு. இத்தனை வருஷப் பொய்யை ஒரு வாக்கியத்தால் துடைக்க முடியாது என்று அங்கே நின்றபோதுதான் அவளுக்குப் புரிந்தது. பழைய எண்ணெய்ப் பிசுக்கின் மேல் வெள்ளை அடித்தால் மறுநாளே மஞ்சளாக வெளியே வரும் என்பார்களே, அது மாதிரிதான்.

"அண்ணே, உட்காரு" என்றார் பெயிண்டர். "உன் ஷூவைக் கழட்டு."

"டேய், வேணாம்டா..."

"கழட்டு."

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். இருபது பேருக்கு வேலை கொடுக்கிறவர். அந்தப் பெஞ்சில் இருந்தவர்களில் இரண்டு பேர் அவர் ஆட்கள். அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸை இழுத்தார், பேன்ட்டை மடித்தார். பெயிண்டரும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் தன் பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். நான்கு குதிகால்கள் வரிசையாகத் தெரிந்தன. நான்கிலும் ஒரே மாதிரி புடைப்பு, தம்பிக்குக் கொஞ்சம் பெரிதாக.

சிரிப்பு அடங்கியது.

"ஒரு வியாதி" என்றார் மேஸ்திரி. இப்போது அவருக்குத் தம்பி எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் பிறவியிலேருந்து இருக்கு. எனக்குப் பதினொரு வருஷமாத் தெரியும். நான் மருந்து சாப்பிட்டேன். இவன்கிட்ட சொல்லலை. அதனாலதான் இவன் இப்படி நடக்கிறான். குடிச்சிருக்கான்னு சொன்னது நான்தான். இவன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை."

மேஸ்திரியிடம் வேலை பார்த்த இருவரில் ஒருவன் எழுந்து, குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான். டீக்கடைக்காரர் டம்ளர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேடையில் வைத்தார். "பெயிண்டர் சார், டீ போடட்டுமா?" என்றார். அவர் யாரையும் சார் என்று கூப்பிட்டு அந்தத் தெரு கேட்டதில்லை. "ரெண்டா, மூணா?"

"ரெண்டு" என்றார் பெயிண்டர். "எங்கண்ணன் கிளம்புறார்."

*

மருந்து தொடர்ந்து வந்தது. மூன்றாம் மாதம், பிறந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்த வயிறு கட்டுக்குள் வந்தது. பெயிண்டர் அதை ஒரு அதிசயம் மாதிரி மகளிடம்கூடச் சொல்லிக்கொண்டார். ஏழெட்டு மாதத்தில் பேச்சு கொஞ்சம் தெளிந்தது. நடை மட்டும் அப்படியே இருந்தது. "இதுக்கு மேல மோசமாகலை பாருங்க, அதுவே பெரிசு" என்றார் டாக்டர். ஒரு கைத்தடி வாங்கிக்கொண்டார். ஏணி இனிமேல் இல்லை. வேறொரு மேஸ்திரியிடம் வண்ணம் கலக்கும் வேலைக்குச் சேர்ந்தார். உடைந்த ஓட்டுத் துண்டைக் காட்டினாலும் அதே நிறத்தை வாளியில் கொண்டுவந்து நிறுத்துகிற கண் அவருக்கு. அளவு மறந்துபோகும் என்று எல்லாவற்றையும் சுவரில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வார்.

அண்ணன் ஆள் விட்டுப் பார்த்தார், போன் பண்ணிப் பார்த்தார். ஓரகத்தி மட்டும் எப்போதாவது வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவள் புருஷனோடுதான் இருந்தாள், ஆனால் பேச்சு குறைந்துவிட்டது என்றாள்.

லாண்டரியில் பட்டனக்கா ஒரு நாள், "எல்லாம் அந்த அண்ணனாலதான். உன் மேல என்ன தப்பு?" என்றாள். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நீ பேசாம பட்டனைத் தை அக்கா" என்றாள்.

அன்று சாயங்காலம் மழை. மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் முதலில் முடித்துவிட்டுப் பாடம் எழுத உள்ளே போனாள். பெயிண்டர் தட்டில் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"என் மேல இன்னும் மனசு ஆறலையா?" என்று கேட்டாள். ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த கேள்வி, இவ்வளவு சின்னதாக வெளியே வந்தது.

அவர் மென்று முடித்தார். "அண்ணனை வேணாம்னு விட்டுட்டேன். அது சுலபம். அவன் வேற வீட்டுல இருக்கான்."

"நான்?"

"நீ இங்கே இருக்கே. உன்கூட இருக்கணும், சாப்பிடணும், பேசணும். அதுக்கு நாளாகும்."

"எவ்வளவு நாள்?"

பெயிண்டர் யோசித்தார். யோசிப்பது இப்போது முன்னைவிடச் சீக்கிரமாகவே முடிந்தது.

"தெரியலை. மருந்தே ஆயுசுக்கும்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

அது கேலியா, பதிலா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தாள், அதிலும் தெரியவில்லை. அவள் எழுந்து போய், ராத்திரி வேளைக்கான கேப்ஸ்யூலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீரோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.